ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை பேர் இருப்பாங்க?

போன வருஷம் ஒரு மத்தியானம் அம்மா போன் செய்தார். "அம்மிச்சியைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டேன் கண்ணு" என்றார். எங்கே என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 'ஹோம்' என்ற அந்த இரண்டெழுத்து எங்கள் இரண்டு பேர் வாயிலும் வரவில்லை.

கோவைப் பக்கம் அம்மாவைப் பெற்றவரை அம்மிச்சி என்போம். என் அம்மிச்சிக்கு இப்போது 82 வயது. பொள்ளாச்சி பக்கம் தோட்டத்து வீடு. அப்புச்சி போன பிறகும் தனியாகவே இருந்தார். கோழி, இரண்டு மாடு, ஊர் வம்பு என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் விடியற்காலை பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாக்கர் பிடித்து நாலு அடி நடக்க ஆரம்பித்த நேரத்தில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது.

அம்மாவுக்கு 57 வயது, முதுகில் டிஸ்க் பிரச்னை. அப்பா காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார். மாமா துபாயில். நான் சென்னையில் இந்த லேப்டாப்பின் முன்னால். ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோம். மூன்று மாதத்தில் நாலு பேர் மாறினார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போன கடைசி அக்கா திரும்பி வரவேயில்லை. ஒரு ராத்திரி அம்மிச்சியைத் தூக்கி உட்கார வைக்கும்போது அம்மாவின் முதுகு பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் அப்படியே கட்டிலில் சாய்ந்து கிடந்திருக்கிறார்கள், அப்பா வந்து தூக்கும் வரை. அதற்குப் பிறகுதான் அந்த போன்.

"பெத்தவளைக் கொண்டுபோய் ஹோம்ல விட்டுட்டா" என்று சொன்ன சொந்தக்காரர்கள் யாரும் ஒரு ராத்திரி வந்து மாற்றி இருக்கவில்லை என்பதையும் இங்கேயே எழுதி வைத்துவிடுகிறேன். கட்டுரையை அவர்களும் படிப்பார்கள்.

மீன் தொட்டியைப் பார்த்து ஏமாந்தோம்

இது என்ன மாதிரி இடம் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் 'முதியோர் இல்லம்' என்றே நாம் சொல்கிறோம். கோவையைச் சுற்றி ஓய்வுபெற்றவர்களுக்கான வீடுகளும் அபார்ட்மென்ட்டுகளும் நிறைய இருக்கின்றன. நன்றாக நடமாடுகிறவர்கள் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ இருப்பார்கள், பொதுச் சாப்பாட்டுக் கூடம் இருக்கும். அது ஒரு வகை. தானே குளித்து, தானே சாப்பிடுகிற பெரியவர்கள் சேர்ந்து தங்கும் இல்லங்கள் இன்னொரு வகை. படுக்கையோடு இருப்பவர்களை அங்கே பல இடங்களில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்கென்று நர்ஸ், ஆக்ஸிஜன், உயரம் கூட்டிக் குறைக்கும் கட்டில் எல்லாம் வைத்து நடத்துவதுதான் பராமரிப்பு மையம். வெளிநாட்டில் நர்ஸிங் ஹோம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பெயரைச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வைத்துவிட்டதால், இதற்கு எல்லோரும் பொதுவாக 'ஹோம்' என்கிறார்கள்.

நாங்கள் முதலில் சேர்த்த ஹோம் பார்க்க ரிசார்ட் மாதிரி இருந்தது. வரவேற்பறையில் மீன் தொட்டி, பின்னால் புல்தரை, ஏ.சி. அறை. அம்மாவும் அப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்தார்கள். வெள்ளை யூனிஃபார்மில் ஏழெட்டு பேர் சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தார்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள்.

பத்தொன்பதாவது நாள், சேலை மாற்றி விடுகிறேன் என்று போன அம்மா, அம்மிச்சியின் முதுகுக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு புண்ணைப் பார்த்தார். உள்ளங்கையில் பாதி அளவு. நடுவில் கறுத்து, சுற்றிலும் ஈரமாக. அம்மிச்சிக்கு வலிக்கவில்லையா என்று கேட்டதற்கு, "வலிச்சுது. அந்தப் புள்ளைகளுக்கு வேலை சாஸ்தி, எதுக்குச் சொல்லிட்டு" என்றாராம்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. பகலில் அத்தனை பேர் இருக்கும் அந்த இடத்தில், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு தளத்துக்கு ஒரே ஒரு ஆள். முப்பது பேரையும் அவர் ஒருவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படுக்கைப் புண் எப்படி வருகிறது என்பது எனக்கும் அதுவரை தெரியாது. எலும்பு மேலே இருக்கும் இடங்களில், அதாவது வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் போன்ற இடங்களில், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்குகிறது. அந்த இடத்துக்கு ரத்தம் போவது தடைபடுகிறது. நாமெல்லாம் தூக்கத்திலேயே புரண்டுவிடுகிறோம். புரள முடியாதவர்களுக்கு, யாராவது வந்து புரட்டி விட்டால்தான் உண்டு. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்கிறார்கள். காற்று மாறி மாறி நிரம்பும் ஏர் பெட் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அது உதவும், ஆனால் திருப்புகிற வேலையை அது செய்யாது.

முதல் அறிகுறி, விரலால் அழுத்தி எடுத்தாலும் மறையாத சிவப்பு. நம் மாதிரி மாநிறம், கறுப்புத் தோலில் சிவப்பு சுலபமாகக் கண்ணுக்குத் தெரியாது. சுற்றியிருக்கும் தோலைவிட அந்த இடம் கொஞ்சம் கறுத்து, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். படுக்கையில் இருக்கும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

அம்மா கேட்ட ஒரே கேள்வி

ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து, இரண்டு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். அடுத்த ஹோம் தேடும்போது அம்மா புல்தரையைப் பார்க்கவில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி. "ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை பேருங்க இருப்பாங்க?"

இரண்டு இடங்களில் "ஸ்டாஃப் எப்பவும் இருப்பாங்கம்மா" என்று மழுப்பினார்கள். மூன்றாவது இடத்தை நடத்துகிற அம்மா ஒரு காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். டியூட்டி நோட்டை எடுத்து மேஜையில் விரித்து, "28 பேருக்கு ஒரு நர்ஸ், நாலு அட்டெண்டர். இது நேத்து ராத்திரி. சந்தேகம்னா சொல்லாம வந்து பாருங்க" என்றார். அம்மா நிஜமாகவே சொல்லாமல் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அப்பாவின் ஸ்கூட்டரில் போய் நின்றார். ஐந்து பேர் இருந்தார்கள்.

அம்மிச்சி அங்கே சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. போன மாதம் இரண்டு நாள் லீவு போட்டு, அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, ஒரு முழுப் பகலும் ராத்திரியும் அங்கேயே இருந்தேன். ரிப்போர்ட்டராகத்தான் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். முதல் அரைமணி நேரத்திலேயே அதை அம்மிச்சியின் கட்டிலடியில் வைத்துவிட்டேன். கைக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அங்கே பொழுது அஞ்சு மணிக்கே விடிந்துவிடுகிறது. முதலில் டயப்பர் மாற்றுவது, வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பு துடைப்பது. குளிக்க முடிந்தவர்களை நடுவில் ஓட்டை வைத்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்து பாத்ரூமுக்குத் தள்ளிப் போகிறார்கள். ஆறரைக்குக் காபி. சர்க்கரை போட்டது, போடாதது, கெட்டியாக்கியது என்று மூன்று வகை. கெட்டியாக்கிய காபியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும், கெட்டியான கஞ்சியைவிட வெறும் தண்ணீர்தான் அவர்களுக்கு ஆபத்து, சட்டென்று ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று நர்ஸ் சொன்னார். அப்படிப் போனால் நிமோனியா வரலாம். சிரிப்பு நின்றுவிட்டது. வீட்டில் இருந்தபோது அம்மிச்சி தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமுவார். "மெதுவா குடிங்க" என்று சொன்னதோடு சரி. அது ஓர் அறிகுறி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

காலை டிபன் எட்டு மணிக்கு. அன்றைக்கு சந்தகை. எட்டுப் பேருக்குக் கையால் ஊட்டிவிட வேண்டும். நான் அம்மிச்சிக்கு ஊட்டினேன். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு சின்ன ஸ்பூன், விழுங்கியாச்சா என்று தொண்டையைப் பார்த்து, வாய் காலி என்று தெரிந்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். எனக்கு 25 நிமிஷம் ஆனது. எட்டுப் பேருக்கு ஆளுக்கு 25 நிமிஷம் என்றால் 200 நிமிஷம். ஒரே ஆள் ஊட்டினால் கடைசி ஆளுக்குக் காலை டிபன் ஊட்டி முடிக்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஆள் குறைவாக இருக்கும் இடத்தில் என்ன நடக்கும்? ஸ்பூன் பெரிதாகும், வேகம் கூடும். இல்லையென்றால் அவ்வளவு அவசியமில்லாதவருக்கும் மூக்கில் குழாய் ஏறும். சாப்பாட்டு மெனுவை வாங்கிப் பார்க்கிற நாம், அதை யார் ஊட்டுவார்கள் என்று கேட்பதேயில்லை.

மாத்திரை நர்ஸ் கையால்தான். சார்ட்டைப் பார்த்துக் கொடுத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார். அம்மிச்சி தலையணை உறைக்குள் ஆறு மாத்திரை சேர்த்து வைத்திருந்தது போன மாதம் பிடிபட்டிருக்கிறது. கேட்டதற்கு, "அவசரத்துக்கு ஆகும்னு வெச்சேன்" என்றாராம். தோட்டத்து வீட்டில் பொட்டாசியம், யூரியா எல்லாம் அப்படித்தான் சேர்த்து வைத்திருப்பார்.

புண்ணுக்கு இன்னும் டிரெஸ்ஸிங் நடக்கிறது. ஆழமான படுக்கைப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். புரதம் சேர்ந்தால்தான் சதை வளரும் என்று தினமும் இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. "ஒண்ணு போதும்" என்று அம்மிச்சி பேரம் பேசுகிறார். "ரெண்டு தின்னா ஞாயித்துக்கிழமை அரிசிம்பருப்பு" என்று ஓர் அட்டெண்டர் பேரத்தை முடிக்கிறார். அந்த அரிசிம்பருப்பில் பூண்டு பத்தவில்லை என்பது அம்மிச்சியின் நிரந்தரப் புகார்.

வராண்டாவில் ஒரு சட்டப் புத்தகம்

பதினொரு மணிக்கு மேல் அங்கே ஒரு வெறுமை வருகிறது. பிசியோதெரபி முடிந்துவிடும். டாக்டர் வரும் நாளாக இருந்தால் வந்து போயிருப்பார். டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்த வேலை மதியச் சாப்பாடுதான். நல்ல இடம் என்று நானே சொல்லிக்கொண்டிருக்கும் இந்த ஹோமிலும் அந்த இரண்டு மணி நேரத்துக்கு யாரிடமும் பதில் இல்லை. கட்டிலில் கிடப்பவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யார் கடந்தாலும் ஒரு தடவை தலை திரும்புகிறது.

வராண்டாவில் ஒரு தாத்தா மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பார்க்கின்சன் நோய், கை நடுக்கத்தில் பேப்பர் படபடக்கிறது. நான் பத்திரிகையில் இருக்கிறேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"2007-ல ஒரு சட்டம் வந்துச்சே, பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், தெரியுமா? புள்ளைங்க பாக்கலைன்னா ஆர்.டி.ஓ. கிட்ட மனு கொடுக்கலாம். மாசம் பத்தாயிரம் ரூபாய் வரைக்கும் கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். என்னைப் பார்த்துக்குவேன்னு சொல்லித்தான் சொத்தை எழுதி வாங்கினேன்னு பத்திரத்திலயே இருந்து, அப்புறம் பார்க்கலைன்னா, எழுதிக் கொடுத்ததை ரத்து பண்ணவும் அதுல வழி இருக்கு. 23-ஆவது பிரிவு. அந்த நிபந்தனையைப் பத்திரத்துல எழுதாம விட்டுட்டுத்தான் பாதிப் பேர் அவதிப்படறாங்க. இதை எழுதும்மா."

எழுதிக்கொண்டேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அந்தச் சட்டத்துல புள்ளைங்கன்னா யார் யார் தெரியுமா? மகன், மகள், பேரன், பேத்தி. மேஜரான பேத்தியும் உண்டும்மா."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் எழுந்து அம்மிச்சியின் அறைக்குப் போய்விட்டேன்.

(முதியவர்கள் தொடர்பான எந்த உதவிக்கும் 14567 என்ற இலவச எண் இருக்கிறது, காலை 8 முதல் இரவு 8 வரை. இதைச் சொன்னதும் அந்தத் தாத்தாதான். பெரிய எழுத்தில் எழுதி வராண்டா சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.)

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். மாதக் கட்டணம் என்று சொல்வது அறை, சாப்பாடு, பராமரிப்புக்கு. டயப்பர், கையுறை, டிரெஸ்ஸிங் சாமான், மருந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் ஆள் எல்லாம் பல இடங்களில் தனி. முதல் ஹோமில் நாங்கள் இதைக் கேட்காததால், முதல் மாத பில் சொன்ன தொகையைவிட நிறைய கூடியிருந்தது. அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு பொதுவாக ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் கைகொடுக்கும், ஹோமின் மாதக் கட்டணம் அதில் வராது. அம்மிச்சியின் கட்டணத்தில் பாதி மாமா அனுப்புகிறார். மீதி தோப்புக் குத்தகைப் பணம். அந்தத் தோப்பு இல்லாதவர்கள்? அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிக்கும் சிகிச்சையும் தருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள், நல்ல மாதிரிப் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் வந்து போன பிறகு மிச்சமிருக்கும் 23 மணி நேரத்துக்கு வீட்டில் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் மகளோ மருமகளோதான். அவருக்கும் அறுபது வயது நெருங்கியிருக்கும்.

சாயங்காலம் அஞ்சு மணி ஆனால்

பக்கத்து அறையில் ஒரு டீச்சர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். பகல் முழுக்க அமைதியாக இருப்பார். அஞ்சு மணி ஆனதும் கைப்பையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குக் கிளம்பிவிடுவார். "பசங்க ஸ்கூல்ல இருந்து வந்துருப்பாங்க. வீடு பூட்டிக் கிடக்கு." அந்தப் பசங்களில் ஒருவருக்கு இப்போது ஐம்பது வயதாம்.

மறதி நோய் இருப்பவர்களுக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது உண்டு. கதவைப் பூட்டி, "உங்களுக்கு இப்ப வீடே இல்லை டீச்சர்" என்று உண்மையைச் சொன்னால், அந்த உண்மையைத் தினமும் புதிதாகக் கேட்டுப் புதிதாக அழ வேண்டியிருக்கும். இங்கே ஓர் அட்டெண்டர் பெண் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட் வரை போனாள். போகும்போதே, "பசங்களுக்கு இன்னிக்கு என்ன டீச்சர் டிபன்?" என்று கேட்டாள். டீச்சர் யோசித்து, "உப்புமா" என்றார். "ரவை வறுத்தாச்சா?" "இல்லையே." "வாங்க, வறுத்துட்டுப் போலாம்." இரண்டு பேரும் திரும்பிச் சமையலறைப் பக்கம் நடந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி முடித்துவிட்டு நேராகக் கோயம்புத்தூர் ரயில் ஏறியிருக்கிறாள். தமிழை இந்தப் பாட்டிகளிடம்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள், அதனால் 'ஏனுங்க', 'வாங்கோ' என்று சுத்தமான கொங்குத் தமிழ். "உங்க அம்மிச்சி திட்டற வார்த்தையெல்லாம் எனக்குத் தெரியும் அக்கா" என்றாள். அவளுடைய பாட்டி ஊரில் இருக்கிறார், போன வருஷம் கீழே விழுந்துவிட்டாராம். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "சின்னத் தங்கச்சி" என்றாள். வயது பதிமூன்று.

டீச்சர் மாதிரி எழுந்து நடக்கிறவர்களைக் கட்டிலோடு கட்டிப்போடுவது, தூக்க மாத்திரை கொடுத்துச் சாய்த்துவிடுவது என்று செய்யும் இடங்களும் இருக்கின்றன என்று நடத்துகிற அம்மாவே சொன்னார். "ஆள் இல்லாத இடத்துல கயிறுதான் ஆளு" என்றார். போய்ப் பார்க்கும்போது சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். எல்லோரும் ஒரே மாதிரி மயங்கிக் கிடந்தால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொன்னார். யாராவது இறந்துவிட்டால், பல இடங்களில் ராத்திரியோடு ராத்திரியாகப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்விடுவார்கள், மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று. இங்கே முன்வாசல்தான். நடக்க முடிந்தவர்கள் வந்து நிற்பார்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்களைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். "காலையில எழுந்து பார்த்தா பக்கத்துக் கட்டில் காலின்னு இருந்தாத்தான் பயம். எப்படிப் போனோம்னு தெரிஞ்சா பயம் இல்லை பாருங்க" என்றார். அம்மிச்சி அப்படி இரண்டு பேரை அனுப்பி வைத்திருக்கிறார். ஒருவரைப் பற்றி, "நல்ல சாவு. மகன் கிட்ட இருந்தான்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

ரெண்டு மணி

ராத்திரி எட்டுக்கே விளக்கணைத்துவிடுகிறார்கள். அறைக்கு அறை தரையோரம் சின்ன விளக்கு மட்டும். பாத்ரூம் போக இருட்டில் எழுந்துதான் பாதிப் பேர் விழுகிறார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. எங்கள் தோட்டத்து வீட்டில் அப்படி ஒரு விளக்கு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரியாக இரண்டு மணிக்கு ரவுண்டு ஆரம்பித்தது. 28 பேரில் 11 பேரைத் திருப்ப வேண்டும். அட்டெண்டர்கள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். ஒருவரைத் திருப்ப, டயப்பர் பார்க்க, விரிப்பின் சுருக்கம் எடுக்க ஆறு நிமிஷம். இரண்டு ஜோடி என்றால் அரைமணி நேரத்தில் முடிகிறது. ஒரே ஜோடியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மூச்சு விடுவதற்குள் நாலு மணி ரவுண்டு வந்துவிடும். ஒரே ஆளாக இருந்தால்? தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுத்தால் பெட்ஷீட்டில் உரசித் தோல் பிய்யும். பத்தொன்பது நாள் அம்மிச்சிக்கு நடந்தது அதுதான்.

எங்கள் அறைக்கு அந்த ஜார்க்கண்ட் பெண்ணும் தர்மபுரிப் பக்கத்து அக்கா ஒருவரும் வந்தார்கள். "பாட்டி, திருப்பறோமுங்க" என்று காதருகே சொன்னார்கள். தூங்குகிறவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமல் தொட்டால் திடுக்கிட்டு உடம்பை இறுக்கிக்கொள்வார்களாம். குறுக்கே விரித்திருந்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கி, வலது பக்கம் லேசாகச் சாய்த்தார்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்காலுக்கு நடுவே ஒன்று. குதிகால் மெத்தையில் படாமல் காலுக்கடியில் ஒன்று. இந்த மூன்றாவது தலையணையை என்னை வைக்கச் சொன்னார்கள். நான் வைத்தது கோணல், அக்கா சரி செய்தார். கட்டில் காலில் தொங்கிய சார்ட்டில் '2.00 - வலது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள்.

அம்மிச்சி விழித்திருந்தார். இருட்டில் கண் மட்டும் தெரிந்தது.

"போலாமா கண்ணு?"

"எங்கீங்க அம்மிச்சி?"

"தோட்டத்துக்கு."

டீச்சரிடம் அந்தப் பெண் பேசியதுபோல ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் அம்மிச்சிக்கு மறதி நோய் கிடையாது. எங்கே இருக்கிறோம், ஏன் இருக்கிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் பேச்சை மாற்ற முடியாது.

"புண்ணு ஆறட்டும்" என்றேன்.

"ஆறுனதுக்கு அப்புறம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வீட்டுப் படியில் சக்கர நாற்காலி ஏறாது. ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே யார் இருப்பார்கள்? அம்மாவா, நானா? நான் ஒன்றும் சொல்லாததைப் பார்த்துவிட்டு, அவரே, "உங்கம்மா முதுகு எப்படி இருக்குது?" என்றார். பரவாயில்லை என்றேன். "அவளை என்னைத் தூக்க வேண்டாம்னு சொல்லு" என்றார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

நாலு மணி ரவுண்டில் என்னைக் கேட்காமலேயே தலையணையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். இந்த முறை கோணல் இல்லை. '4.00 - இடது' என்று சார்ட்டில் எழுதுவதற்குப் பேனாவை அக்கா என்னிடம் நீட்டினார்.

காலையில் அம்மா போன் செய்தார். "சாப்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார், தினமும் கேட்பதுபோல. ஒன்றரை இட்லியும் இரண்டு முட்டை வெள்ளையும் என்றேன். புண்? டிரெஸ்ஸிங் மாற்றும்போது பார்த்தேன், ஓரத்தில் புதுத் தோல் வந்திருக்கிறது, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சாயங்காலம் நான் வர்றேன்னு சொல்லு. பூண்டு உரிச்சு எடுத்துட்டு வர்றேன்" என்றார்.